விசிலுக்குக் காத்திருக்க வேண்டுமா?

போன இதழில் நாக் அவுட் ஆட்டங்களில் பயிற்சியாளர்கள் எடுக்கும் முடிவுகளைப் பற்றி எழுதும்போது, 2023 பெங்களூரு–கேரளா கால்பந்து பிளே-ஆஃப் பற்றி நாலே நாலு வரி சேர்த்திருந்தேன். சேத்ரி அடித்தது சரியான கோல், கேரள கோச் அணியை மைதானத்தை விட்டுக் கூட்டிப்போனது தவறு, அவ்வளவுதான். வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை அந்த நாலு வரிக்காக வந்தவை. சில ரொம்பக் கோபமானவை. அதனால் இந்த முறை அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கோல்கீப்பர் சுவர் அமைத்துக்கொண்டிருக்கும்போது பந்தை உள்ளே தள்ளுவதை எப்படி சார் சரியான கோல் என்கிறீர்கள்? அந்த அநியாயத்தை எதிர்த்து வெளியே போனதில் என்ன தப்பு?
– கோவை வாசகர்

முதலில் அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பார்க்காதவர்களும் இருப்பார்கள். 2023 மார்ச் 3, பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா ஸ்டேடியம். இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) புள்ளிப் பட்டியலில் நாலாவதாக வந்த பெங்களூருவும் ஐந்தாவதாக வந்த கேரளா பிளாஸ்டர்ஸும் மோதிய ஒற்றை ஆட்டம், தோற்றால் சீசன் முடிந்தது. 90 நிமிடம் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் ஆறேழு நிமிடம் போனதும் பெனால்டி பாக்ஸுக்கு வெளியே பெங்களூருவுக்கு ஒரு ஃப்ரீ கிக். கேரள கீப்பர் பிரப்சுகன் கில் ஒரு பக்கமாக நின்று சுவரை, அதாவது பந்தை மறிக்க வரிசையாக நிற்கும் வீரர்களை, நிறுத்திக்கொண்டிருக்கிறார், சுனில் சேத்ரி பந்தைத் தூக்கிக் காலி வலைக்குள் போட்டுவிட்டார். நடுவர் கிரிஸ்டல் ஜான் கோல் கொடுத்தார். கேரளா கொதித்தது, பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் உள்ளே வந்து மொத்த அணியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். காத்திருந்து பார்த்துவிட்டு ஆட்டத்தை முடித்து பெங்களூரு வென்றதாக அறிவித்தார்கள்.

இப்போது விதி. ஃப்ரீ கிக் என்றாலே நடுவர் விசில் ஊத வேண்டும் என்று நம்மில் நிறைய பேர் நினைக்கிறோம், அது உண்மையில்லை. ஃபவுலுக்கு ஊதிய விசிலோடு அவர் வேலை முடிந்தது, அடிக்கும் அணி பந்தை அசையாமல் வைத்து உடனே அடித்துக்கொள்ளலாம். எதிரணி 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது அடிக்கிறவருக்கான பாதுகாப்பு. அது எனக்கு வேண்டாம் என்று அவர் முடிவு செய்தால் தடுக்கிற அணி, கொஞ்சம் பொறுங்கள் நாங்கள் தயாராகவில்லை என்று சொல்ல முடியாது. தப்பு செய்தவர்களே அவர்கள்தானே, அவர்களுக்குத் தயாராக நேரம் கொடுக்க வேண்டும் என்று விதி எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் அடிக்கிறவர் தூரம் கேட்டு, நடுவர் குறுக்கிட்டு வீரர்களை நகர்த்த ஆரம்பித்தால், அல்லது யாருக்காவது கார்டு காட்டினால், அதற்குப் பிறகு விசில் கட்டாயம்.

சண்டை மொத்தமும் இந்த இடத்தில்தான். தனக்கு விசிலும் வேண்டாம் சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் சொன்னதாகவும், பக்கத்தில் நின்ற கேரள வீரர் லூனா அதைக் கேட்டதால்தான் முதலில் மறித்ததாகவும் சேத்ரி ஆட்டம் முடிந்ததும் சொன்னார். நடுவர் ஏற்கெனவே தலையிட்டுவிட்டார், அதனால் விசில் வந்திருக்க வேண்டும் என்பது கேரளத் தரப்பு. கேரளா சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நடுவர் கையை உயர்த்தியோ விசிலைத் தொட்டுக் காட்டியோ இரண்டு அணிக்கும் தெளிவாகப் புரியவைத்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. அப்படிப் பார்த்தாலும் அது நடுவரின் குறை. விழிப்பாக இருந்த சேத்ரியைக் குற்றம் சொல்ல அதில் எதுவும் இல்லை.

வெளியே போன முடிவைப் பற்றி. ஒரு கோச்சின் முடிவை, அந்த நொடியில் அவருக்கு என்ன தெரியும், கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்துத்தான் எடைபோட வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வேன். அந்த நொடியில் வுகோமனோவிச் கையில் என்ன இருந்தது? ஒரு கோல்தான் பின்னடைவு. கூடுதல் நேரத்தில் இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் பாக்கி. அநியாயம் நடந்துவிட்டது என்ற வெறியோடு நிற்கும் பதினோரு பேர். கால்பந்தில் இதைவிடச் சின்ன நேரத்தில் எத்தனை ஆட்டம் திரும்பியிருக்கிறது! அந்த இருபது நிமிடத்தை வீரர்களிடமிருந்து பறித்தது நடுவரில்லை, அவர்களுடைய சொந்தக் கோச். சீசன் முழுக்க ஓடிய பையன்களுக்கு அதைத் திருப்பித் தர யாராலும் முடியாது. எனக்கு வலிப்பது அதுதான்.

அப்போ ஒரு கோச் எதிர்ப்பை எப்படித்தான் காட்டுவது? 4 கோடி அபராதமும் 10 மேட்ச் தடையும் கொஞ்சம் அதிகம் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?
– நாகர்கோவில் வாசகர்

அபராதம் பெரிய தொகைதான், இந்தியக் கிளப் எதுவும் சாதாரணமாகத் தூக்கிப் போடக்கூடிய பணமில்லை. கிளப்புக்கு 4 கோடி, கோச்சுக்கு 5 லட்சமும் 10 ஆட்டத் தடையும், அதோடு இரண்டு பேரும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் தொகை கூடும் என்று அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு சொன்னது. இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டார்கள். பணத்தை விட்டுவிடுங்கள், பாதியில் ஆட்டத்தை விட்டுப் போவதற்குக் கடுமையான தண்டனை இல்லாவிட்டால் அடுத்த வருடம் இன்னொரு அணி போகும், அதற்கடுத்த வருடம் இன்னொன்று. அதனால் தடை சரி என்றே நினைக்கிறேன்.

ஆனால் நியாயம் ஒருபக்கமாக முடிந்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். கோச்சுக்கு என்ன தண்டனை என்று ஊருக்கே தெரியும், அந்தக் கோலில் நடுவர் எந்தக் கட்டத்தில் என்ன சைகை காட்டினார், விதிப்படி அது எப்படிச் சரி என்று ரசிகனுக்குப் புரிகிற மொழியில் யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. கோபம் இன்னும் ஆறாமல் இருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். எதிர்ப்பைக் காட்ட வழி இருக்கிறது: கேப்டன் மூலம் நடுவரிடம் பதிவு செய்வது, ஆட்டத்தை ஆடி முடிப்பது, அப்புறம் எழுத்தில் புகார். மெதுவான வழி, பலன் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. இருந்தாலும் அதைச் செய்திருந்தால் கேரளா அன்று 2–1 என்று ஜெயித்திருக்கவும் வாய்ப்பிருந்தது.

வுகோமனோவிச்சை நான் குறைத்து மதிப்பிடுவதாக நினைக்க வேண்டாம். அவர் வருவதற்கு முன் தொடர்ந்து நான்கு சீசன் கேரளா பிளே-ஆஃப் பக்கமே வரவில்லை. அவர் வந்த முதல் சீசனிலேயே, 2022இல், இறுதிப் போட்டி வரை கொண்டுபோய் ஹைதராபாத்திடம் பெனால்டியில் தோற்றார். இருந்த மூன்று சீசனும் பிளே-ஆஃப். தடை முடிந்து 2023 அக்டோபரில் கொச்சியில் அவர் திரும்பி வந்தபோது கூட்டம் அவரை வரவேற்ற விதத்தை மறக்க முடியாது. அவ்வளவு நல்ல கோச் எடுத்த தவறான முடிவு என்பதால்தான் இத்தனை வரி எழுதுகிறேன்.

பெனால்டி ஷூட் அவுட்டுக்காகக் கடைசி நிமிடத்தில் கீப்பரை மாற்றுவது புத்திசாலித்தனமா, வீண் வேலையா?
– திருச்சி வாசகர்

ஒரே கோச், ஒரே கீப்பர், ஒரே முடிவு, இரண்டு ஆட்டம். 2021 ஆகஸ்டில் பெல்ஃபாஸ்டில் நடந்த யுயெஃபா சூப்பர் கப்பில் செல்சீ கோச் தாமஸ் டூஹெல், கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் கீப்பர் மெண்டியை வெளியே எடுத்துவிட்டு கெப்பாவை இறக்கினார். கெப்பா இரண்டு பெனால்டியைத் தடுத்தார், வியாரியல் தோற்றது, டூஹெல் மேதை என்றார்கள். ஆறு மாதம் கழித்து, 2022 பிப்ரவரியில், வெம்ப்ளியில் லிவர்பூலோடு லீக் கப் இறுதிப் போட்டி. அதே மாற்றம். இந்த முறை கெப்பா ஒன்றைக்கூடத் தடுக்கவில்லை, கடைசியில் அவரே அடிக்க வேண்டி வந்து பந்தை மேலே பறக்கவிட்டார், 11–10 என்று லிவர்பூல் வென்றது. அன்று முழுக்க அருமையாக ஆடிய மெண்டியை ஏன் எடுத்தாய் என்று டூஹெலைக் கிழித்தார்கள்.

முடிவு மாறவில்லை, விளைவு மட்டும்தான் மாறியது. பெனால்டிக்குக் கெப்பா நல்லவர் என்று பயிற்சியில் பார்த்துத் தெரிந்து வைத்திருந்தால் இரண்டு நாளும் அது சரியான முடிவுதான்.

2014 உலகக் கோப்பையையும் சொல்லவேண்டும். காலிறுதியில் கோஸ்டா ரிகாவுக்கு எதிராக நெதர்லாந்து கோச் வான் ஹால் 120ஆவது நிமிடத்தைத் தாண்டி மாற்றுக் கீப்பர் டிம் க்ருலை இறக்கினார், அவர் இரண்டைத் தடுத்து நெதர்லாந்து வென்றது. நாலு நாள் கழித்து அர்ஜென்டினாவோடு அரையிறுதியும் பெனால்டிக்கு வந்தது, ஆனால் மூன்று மாற்றங்களும் தீர்ந்திருந்தன. வழக்கமான கீப்பர் சில்லெசெனே நின்றார், நெதர்லாந்து தோற்றது. கேட்பதானால் அதைத்தான் கேட்க வேண்டும்: ஒரு மாற்றத்தைக் கடைசிவரை கையில் வைத்திருக்க வேண்டாமா என்று. அதற்கும் வான் ஹாலிடம் பதில் இருந்திருக்கும், களைத்த கால்களோடு 120 நிமிடம் ஓட முடியாதே.

இங்கே நாங்கள் பார்ப்பது அமெரிக்கன் ஃபுட்பால். 2024இல் டெட்ராய்ட் லயன்ஸ் கோச் டான் கேம்ப்பெல் செய்ததை நீங்கள் சரி என்பீர்களா? எங்கள் ஆஃபீஸில் இன்னும் அடங்கவில்லை.
– சான் ஹோசே வாசகர்

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சாண்டா கிளாராவில் நடந்த ஆட்டம்! நம்மூர் வாசகர்களுக்காக: அந்த விளையாட்டில் நாலு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். மூன்றில் முடியவில்லை என்றால், நாலாவதில் பந்தைக் கம்பத்துக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுத்துக்கொள்ளலாம், அல்லது மறுபடி முன்னேறப் பார்க்கலாம். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

2024 ஜனவரி 28, சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸோடு ஆட்டம், ஜெயித்தால் சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டி. இதுவரை ஒரு முறைகூட சூப்பர் பவுலுக்குப் போகாத லயன்ஸ் அணி, பாதி ஆட்டத்தில் 24–7 என்று முன்னிலை. மூன்றாவது குவார்ட்டரில் 24–10 இருக்கும்போது 2 கஜம் பாக்கி, உதைக்காமல் முன்னேறப் பார்த்தார்கள். பாஸ் சரியாக வந்தது, ஜாஷ் ரெனால்ட்ஸ் கையிலிருந்து நழுவியது. கடைசிக் குவார்ட்டரில் 27–24 என்று பின்தங்கியபோது 3 கஜம் பாக்கி, மறுபடியும் அதே முடிவு, மறுபடியும் தோல்வி. 34–31 என்று லயன்ஸ் தோற்றது. கேம்ப்பெல் தனக்கு வருத்தமில்லை என்று சொல்லிவிட்டார்.

முதல் முடிவு எனக்குச் சரி. சீசன் முழுக்க அப்படி ஆடித்தான் அந்த அணி அங்கே வந்து நின்றது, கையில் விழுந்த பந்தை வீரர் நழுவவிடுவார் என்று கோச் கணக்குப் போட முடியாது. இரண்டாவதில் நான் உதைத்திருப்பேன். ஓட்டம் மொத்தமும் எதிரணி பக்கம் போய்க்கொண்டிருந்த நேரம், ஸ்கோரைச் சமன் செய்தால் எல்லாரும் ஒரு மூச்சு விட்டிருக்கலாம். அதுவும் லேசான உதை இல்லை, 45 கஜத்துக்கு மேல், போயிருக்கும் என்று நிச்சயமில்லை. அதனால் உங்கள் ஆஃபீஸ் சண்டையில் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

என்னைக் கேட்டால் அன்று ஜெயித்த சான் ஃபிரான்சிஸ்கோ இரண்டு வாரம் கழித்து செய்ததுதான் பெரிய தவறு. கன்சாஸ் சிட்டியோடு சூப்பர் பவுல் கூடுதல் நேரத்துக்குப் போனது, இரண்டு அணிக்கும் ஒரு வாய்ப்பு உறுதி என்ற புது விதி. சான் ஃபிரான்சிஸ்கோ கோச் கைல் ஷானஹன் முதலில் பந்தை எடுத்தார், முதல் அணி என்ன எடுத்தது என்று தெரிந்துகொண்டு ஆடும் வசதி கன்சாஸ் சிட்டிக்குக் கிடைத்தது, 25–22 என்று ஷானஹனின் அணி தோற்றது. எடுத்தது சரியா தவறா என்று விவாதிக்கலாம். ஆனால் அவருடைய வீரர்களில் சிலர் அந்தப் புது விதியே தங்களுக்குத் தெரியாது என்று ஆட்டம் முடிந்த பிறகு சொன்னார்கள். எதிரணியோ அதைப் பலமுறை பேசிப் பழகி வந்திருந்தது. அதற்கு ஒரு கோச் சாக்கு சொல்ல முடியாது.

டிவியில் கால்பந்து வர்ணனை கேட்கவே எரிச்சலாக இருக்கிறது. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன். நீங்கள் எப்படி?
– மதுரை வாசகர்

நான் நிறுத்துவதில்லை, எழுதுகிறவனாக இருப்பதால் கேட்டாக வேண்டும். உங்கள் எரிச்சல் எனக்கும் உண்டு.

எனக்குப் பெரிய குறை மூன்று இருக்கிறது, அதில் முதலாவது கேமரா. ஃபவுல் நடந்ததும் ரீப்ளேவுக்குப் போய்விடுகிறார்கள், அது முடிந்து விழுந்தவரின் முகம், கோச்சின் முகம், கேலரியில் வர்ணம் பூசிய ஒரு சிறுவன், திரும்பி வரும்போது ஃப்ரீ கிக் அடித்தாகிவிட்டது. பந்து எங்கே வைக்கப்பட்டது, நடுவர் என்ன சைகை காட்டினார் என்பதெல்லாம் போய்விடும். மேலே பேசிய மாதிரி ஒரு சர்ச்சை வந்தால் அந்தப் பத்து நொடிதான் எல்லாமே. வீடியோ நடுவர் இல்லாத லீகில், ரசிகனுக்கு இருக்கிற ஒரே சாட்சி அந்தக் கேமரா.

இரண்டாவது, விதி தெரியாமல் பேசுவது. முன்னாள் வீரர்கள் மைக் பிடிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, களத்தில் இருந்தவர்களுக்குத்தான் ஒரு டிஃபெண்டரின் பயம் தெரியும். ஆனால் ஹேண்ட்பால், ஆஃப்சைட், ஃப்ரீ கிக் விதிகள் அடிக்கடி மாறுகின்றன, தங்கள் காலத்து விதியை வைத்துக்கொண்டு அடித்துப் பேசினால் வீட்டில் உட்கார்ந்திருப்பவர் அதையே நம்பி நடுவரைத் திட்டுகிறார். அமெரிக்காவில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி 2010லேயே மைக் பெரேரா என்பவரை உட்காரவைத்தது, அமெரிக்கன் ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லின் நடுவர்களுக்கே தலைவராக இருந்தவர் அவர். சர்ச்சை வந்த உடனே விதி இது, நடுவர் பார்த்திருப்பது இது என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். அப்புறம் மற்ற சேனல்களும் அதே மாதிரி ஆள் வைத்துக்கொண்டன. நம்மிடம் ஆளா இல்லை? ஃபிஃபா பட்டியலில் இருந்த நடுவர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். ஒருவரைத் தமிழ் வர்ணனையில் உட்காரவைத்தால் கண்டீரவா மாதிரி ஒரு நாளில் கோபத்தில் பாதி அங்கேயே அடங்கும்.

மூன்றாவது தமிழ் வர்ணனைக்கே உரியது. சினிமா வசனம். ஒரு விங்கர் கோட்டை ஒட்டி இரண்டு பேரைக் கடந்து வருகிறார், அந்த நேரத்தில் எனக்கு வேண்டியது நடுவில் யார் காலியாக நிற்கிறார் என்ற தகவல். பஞ்ச் டயலாக் இல்லை. வடசென்னைத் தெருக்களில் பந்து பார்த்து வளர்ந்தவர்களிடம் எவ்வளவு அழகான கால்பந்துத் தமிழ் இருக்கிறது! அவர்கள் பேசுவதை அப்படியே மைக்கில் கொண்டுவந்தால் போதும்.

நீங்கள் இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள், பிளே-ஆஃபைக் கட்டணச் செயலிக்குள் பூட்டலாமா என்று. கூடாது. 2024 ஜனவரியில் மயாமி–கன்சாஸ் சிட்டி அமெரிக்கன் ஃபுட்பால் பிளே-ஆஃபை பெரும்பாலான அமெரிக்கர்களால் பீகாக் என்ற கட்டணச் செயலியில் மட்டுமே பார்க்க முடிந்தது. சுமார் 2 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள், வியாபாரம் வெற்றி என்றார்கள். தோற்றால் வீட்டுக்கு என்கிற ஆட்டம் ஊருக்கே பொதுவாக இருக்க வேண்டும், டீக்கடையில் நின்று பார்க்கிறவருக்கும் அதில் பங்கு உண்டு.

முதல் லெக் ஜெயித்துவிட்டு இரண்டாவதில் அடைத்து ஆடுவது கோழைத்தனமா?
– ஈரோடு வாசகர்

இல்லை. இரண்டு லெக் என்றால் இரண்டு ஆட்டத்தின் கோல்களையும் கூட்டித்தான் வெற்றி. 2025 ஐஎஸ்எல் அரையிறுதியில் காலித் ஜமீலின் ஜாம்ஷெட்பூர், முதல் லெக்கில் மோகன் பகானை 2–1 என்று வென்றுவிட்டு கொல்கத்தா சால்ட் லேக்கில் தடுத்துத்தான் ஆடியது. இரண்டாவது பாதியில் மோகன் பகானுக்கு ஒரு பெனால்டி, கடைசியில் காயத்துக்கான நேரத்தில் அவர்களுடைய அபுயா தூரத்திலிருந்து அடித்த ஒரு ஷாட், முடிந்தது. அந்த ஷாட் இரண்டடி மேலே போயிருந்தால் எக்ஸ்ட்ரா டைம் வந்திருக்கும், எல்லாரும் ஜமீலைப் புகழ்ந்திருப்பார்கள். பண பலத்தில் அந்த அளவு வித்தியாசம் இருக்கிறபோது அவர் வேறு எப்படி ஆடுவது? அந்த வருடமே அவர் இந்திய அணிக்குப் பயிற்சியாளர் ஆனார்.

சென்னையின் எஃப்சி ஆடிய பிளே-ஆஃப்களில் உங்களுக்குப் பிடித்த கோச்சிங் எது?
– வியாசர்பாடி வாசகர்

2018 மார்ச் 17. அதே கண்டீரவா, அதே பெங்களூரு, இறுதிப் போட்டி. ஒன்பதாவது நிமிடத்தில் சேத்ரி கோல் அடித்தாயிற்று, சொந்த மைதானத்தில் கூட்டம் அதிர்கிறது. சென்னை கோச் ஜான் கிரிகரியின் அணி பதறவில்லை. கிரிகரி நெல்சன் அடித்த கார்னர்களில் மைல்சன் ஆல்வஸ் இரண்டு ஹெட்டர், இரண்டாவது பாதியில் ராஃபேல் அகஸ்டோ ஒன்று, 3–2. பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்த கார்னர் ஒரு கோப்பையை வாங்கித் தந்தது என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம். அந்த சீசனில் நடுக்களத்தில் உழைத்த தன்பால் கணேஷ் உங்கள் ஏரியா பையன்தான், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது, பள்ளி அணியில் கீப்பர். சேத்ரி கோலைப் பார்த்ததிலிருந்து ஃப்ரீ கிக் என்றாலே பயப்படுகிறான். என்ன சொல்லிக்கொடுப்பது?
– ஒரு தாய், திண்டுக்கல்

அம்மா, நானும் பள்ளியில் கீப்பர்தான். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சுவரை இடது, இடது என்று நகர்த்திக்கொண்டிருக்கும்போது ஒருமுறை பந்து என் முதுகுக்குப் பின்னால் போனது. அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால் கில்லை நினைத்து எனக்கு வருத்தம்தான் வந்தது.

மகனிடம் இதைச் சொல்லுங்கள். ஃபவுல் என்றதும் முதலில் சுவரைப் பார்க்க வேண்டாம், பந்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கேப்டன் நடுவரிடம் சத்தமாக "விசில் உண்டா சார்?" என்று கேட்க வேண்டும், உண்டு என்று பதில் வரும்வரை ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளட்டும். சுவரை வரிசைப்படுத்தும் வேலையை முன்னால் நிற்கும் ஒரு ஃபார்வர்ட் பையனிடம் கொடுக்கலாம், அவன் பந்துக்குப் பின்னால் போய் நின்று கம்பத்தோடு நேர் பார்த்துக் கை காட்டினால் போதும், உங்கள் மகன் கோலின் நடுவை விட்டு நகரவே வேண்டாம். பயிற்சியில் வாரத்துக்கு ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் பத்து ஃப்ரீ கிக் அடிக்கச் சொல்லுங்கள் கோச்சை. நாலைந்து வாரத்தில் பயம் போய்விடும்.